கடல்ல வர்ற சேட்டு

இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும் டீச்சரம்மா. கண்டக்டர் மேல வைக்கச் சொன்னார், நான் காது கேக்காத மாதிரி இருந்துட்டேன். மத்தபடி எனக்குக் காது ரொம்பக் கூர்மை. பனைமேட்டுக் குப்பத்துல யாரை வேணும்னாலும் கேளுங்க, பூங்காவனத்துக்குத் தெரியாம எவனும் பெருமூச்சுகூட விட முடியாதுன்னு சொல்லுவாங்க.

நீங்க டீச்சர்தானே? கூவத்தூர்ல ஏறினதுலேர்ந்து பாக்குறேன், அந்தப் பேப்பர் கட்டை மடியில வெச்சுக்கிட்டு சிவப்புப் பேனாவால கோடு போட்டுட்டே வரீங்க. இங்கிலீஷ் பேப்பர்தானே? தமிழ்னா எனக்கே எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். இங்கிலீஷ்ங்கிறதாலதான் ரெண்டு சீட்டு தள்ளி இருந்தவ எழுந்து வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன். தப்பா நெனைக்காதீங்க, இன்னும் ஒண்ணு கேட்டுக்கிறேன். நிலம் வாங்கி விக்கிற ஆளுங்க யாராவது உங்க வீட்டுல உண்டா? இல்லையே? வீட்டுக்காரர் போஸ்ட் ஆபீசா. சரி, நல்ல உத்தியோகம். கேக்காம விட்டுக் கெட்டவங்க உண்டு. நான் கேட்டுக் கெட்டவ. அதைத்தான் சொல்லப்போறேன்.

இன்னிக்கு செங்கல்பட்டுல எங்க ஊர் விசாரணை. குப்பத்துக்கு வடக்கால மணல்ல பதினெட்டு மீன்பிடி போட்டு ஏத்தி நிறுத்துவோம். எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அங்கதான். போன வைகாசியில அந்த மணலைச் சுத்திக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துட்டாங்க. கேட்டா, இது பட்டா நிலம், இங்க அலை ஏறினதே இல்ல, படகு நின்னதே இல்ல, ஊரே சம்மதிச்சுக் கைநாட்டு வெச்சிருக்குன்னு காகிதத்தை நீட்டுறாங்க. இப்ப போட்டெல்லாம் தெருவுல நிக்குது. அம்மன் கோயில் வாசல்ல மூணு, என் கடை முன்னால ஒண்ணு. ஐப்பசி மழைக்குள்ள அந்த மணல் திரும்பக் கிடைக்கலன்னா எங்க தொழில் முடிஞ்சுது.

ஊர் ஆம்பளைங்க எல்லாம் விடியற்காலம் வேன்ல கிளம்பிட்டாங்க. என் தம்பி தேசப்பன் கார்ல கூட்டிட்டுப் போறேன்னான். நான்தான், மாவு வேலை கெடக்குதுடா, பின்னாலேயே பஸ்ல வரேன்னுட்டேன். பொய்தான். இந்தப் பையில இருக்கிறது அவனுக்குத் தெரியக்கூடாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியக்கூடாது.

முதல்ல கதையைச் சொல்றேன். அப்புறம் உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

கடல் அரிக்காம இருக்க கவர்மெண்டுல கல்லு கொட்டினாங்களே, தூண்டில் வளைவுன்னு, அதுக்குப் பக்கத்துலதான் என் தோசைக்கடை. செட் தோசைன்னா பூங்காவனம் கடைதான். ஒரு தட்டுக்கு மூணு தோசை, மேல வடகறி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வரும்.

போன ஐப்பசியில, மழை விட்ட மறுநாள், ஒரு வெள்ளைக்காரன் வந்து கடை முன்னால நின்னான். சின்னப் பையன் இல்ல, அம்பது வயசு இருக்கும். ஒரு முட்டி வேற சரியில்ல, தாங்கித் தாங்கி நடந்தான். தோள்ல ஆள் உசரத்துக்கு மேல ஒரு நீளப் பை. பொணத்தைக் கட்டித் தூக்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. பேரு க்ளென்னாம். எனக்கு வாயில நுழையல. வெயில்ல அவன் மூக்கு சிவந்து கிளி மூக்காட்டம் இருந்துச்சா, கிளியன்னு வெச்சுட்டேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டுச்சு. அவனும் திரும்பிப் பாத்தான்.

கடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு. என் பொண்ணைக் கட்டிக் குடுத்ததுலேர்ந்து சும்மாதான் கெடந்துச்சு. குடுத்தேன். குடுத்த அன்னிக்கே சந்தேகமும் வந்துடுச்சு.

எதுக்குய்யா வந்தேன்னு கேட்டா கடலைக் காட்டுறான். உங்க ஊர்ல கடல் இல்லையான்னு கேட்டேன். இருக்காம், எங்களதைவிடப் பெருசாம். பின்ன இங்க என்ன வேலை? காலையில அந்தப் பையைத் தொறந்து ஒரு பலகையை எடுப்பான். ரெண்டு பலகை வெச்சிருந்தான், ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. அதுமேல படுத்துத் துழாவிக்கிட்டே வளைவைத் தாண்டி உள்ள போவான். ஒரு அலை வரும்போது அதுமேல ஏறி நின்னு சறுக்கிக்கிட்டே கரைக்கு வருவான். வந்து என்ன பண்ணுவான்? திரும்ப உள்ள போவான். மீனும் இல்ல, நண்டும் இல்ல. வெறுங்கையோட கரையேறுறதுக்கு ஒருத்தன் ஏரோப்ளேன் ஏறி வருவானா, நீங்களே சொல்லுங்க.

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்குக் காது அரைக்காதுதான். முப்பது வருஷமா எஞ்சின் பக்கத்துல உக்காந்து உக்காந்து போயிடுச்சு. அவர்கிட்டச் சொன்னேன்.

"யோவ், இவன் என்னமோ நோட்டம் பாக்க வந்திருக்கான்."

"அலையைப் பாக்குறாம்மே. எண்ணுறான். நான் எண்ண மாட்டேன்?"

"நீ தொழிலுக்குப் போறதுக்கு எண்ணுற. இவன் எதுக்கு எண்ணுறான்?"

அவர் காது கேக்காத மாதிரி போயிட்டார். நிஜமாவே கேக்கலையோ என்னமோ.

அவர் எண்ணுறது என்னன்னா, போட்டைக் கடல்ல தள்ளும்போது சும்மா தள்ள முடியாது. அலை ஒண்ணொண்ணா வராது. பெருசா மூணோ நாலோ சேந்தாப்புல வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கடல் மூச்சு வாங்கும். அந்த மூணு நாலைத்தான் எங்க ஆளுங்க அடுக்குன்னு சொல்லுவாங்க. அடுக்கு போகட்டும், அடுக்கு போகட்டும்னு இவர் கையைத் தூக்கிட்டு நிப்பார். கையை இறக்கினதும் எல்லாரும் ஒரே தள்ளு. அவசரப்பட்டவன் போட்டு கவுந்துடும். இதுதான் அவர் வித்தை.

சரி, கிளியன் கதைக்கு வரேன். ஒரு வாரம் கழிச்சு ஒரு நோட்டு எடுத்தான். நீலக் கலர் அட்டை. காலையில கடலுக்குப் போகுறதுக்கு முன்ன ஒரு தடவை, வந்தப்புறம் ஒரு தடவை எழுதுவான். எழுதுறதோட போச்சா? படம் போடுவான். டம்ளர் எடுக்கப் போற சாக்குல எட்டிப் பாத்தேன். எங்க கரை. அப்படியே அச்சா எங்க கரை. வளைவு, கோயில் கோபுரம், என் கடை, வடக்கு மணல், அதுல எங்க போட்டையெல்லாம் குச்சி குச்சியா வரைஞ்சு வெச்சிருக்கான். பக்கத்துல நம்பரு. அம்புக்குறி.

டம்ளரை எடுக்காமலேயே திரும்பிட்டேன்.

அதோட விட்டானா? வடக்கு மணல்ல தண்ணி எதுவரைக்கும் ஏறுதோ அங்க ஒரு சவுக்குக் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுவான். நிலம் அளக்கிறவங்கதானே சிவப்புத் துணி கட்டுவாங்க? நான் சாயங்காலம் போய்ப் பிடுங்கி அடுப்புல வெச்சுடுவேன். மறுநாள் புதுசா நட்டிருப்பான். ஒரு வார்த்தை கேக்க மாட்டான். பதினோரு குச்சி பிடுங்கியிருக்கேன் டீச்சரம்மா. சவுக்கு நல்லா எரியும்.

அதுக்கப்புறம்தான் அந்தச் சொல்லு என் காதுல விழுந்துச்சு.

மார்கழி ஆரம்பம். கடைக்கு வெளிய நின்னு போன்ல பேசுறான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே தவிர காதுல விழுந்தா பிடிச்சுக்குவேன். "பிக் சேட்" அப்படிங்கிறான். "கமிங், தர்ஸ்டே, பிக் சேட்." பிக்னா பெருசு. கமிங்னா வர்றது. தர்ஸ்டே வியாழக்கிழமை, டிவியில சொல்றான்ல. சேட்டு யாருன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. பெரிய சேட்டு வியாழக்கிழமை வரான். நிலம் பாக்க வரான்.

அன்னியிலேர்ந்து கூர்ந்து கேட்டேன். பலகை மேல உக்காந்திருப்பான், திடீர்னு கடலைப் பாத்துக் கத்துவான், சேட் சேட்னு. கத்திட்டுத் துழாவிக்கிட்டு ஓடுவான். சாப்பிடும்போது தட்டைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே "அம்மா, சேட்" அப்படிம்பான். என் தோசையைத் தின்னுக்கிட்டே என்கிட்டயே சேட்டு பேரைச் சொல்றான், என்ன நெஞ்சழுத்தம் பாருங்க.

நேரா என் தம்பிகிட்டப் போனேன். தேசப்பன் எனக்கு ஒரே தம்பி. தங்கம். எங்க அம்மா செத்தப்போ அவனுக்கு ஏழு வயசு, நான்தான் வளத்தேன். இப்ப வெள்ளைச் சட்டையும் போனுமா நாலு இடம் போயி வர்றவன். அப்போ அவன் எங்க ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கொண்டுவர அலைஞ்சுக்கிட்டு இருந்தான். அதுக்கு மனு எழுதி ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினான். எனக்குக் கையெழுத்துப் போட வரும். அவன் வந்த நேரம் கையெல்லாம் மாவு. பரவால்லக்கா, கைநாட்டு போதும்னுட்டான். மாவுக் கையை மையில தொட்டு வெச்சேன்.

அவன்கிட்ட சேட்டு சமாசாரத்தைச் சொன்னதும் முதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு ரொம்ப நேரம் யோசிச்சான்.

"அக்கா, நீ சொல்றதுதான் சரி. அவன் சேட்டு ஆளேதான். என்னையும் வடக்கு மணல் பத்தி ஏதேதோ கேட்டான்."

"பஞ்சாயத்துல சொல்லட்டுமாடா?"

"சொல்லு. நீ சொன்னாத்தான் ஊர் கேக்கும். நான் சொன்னதா சொல்லாத."

பாத்தீங்களா, பேரு வாங்கணும்னு நெனைக்காத புள்ள.

வியாழக்கிழமை ஊரே கரைக்கு வந்துடுச்சு. யாரும் கடலுக்குப் போகல. ஆம்பளைங்க கையில துடுப்பு, பொம்பளைங்க கையில தொடப்பம். சேட்டு எந்தப் பக்கம் வருவான்னு ரோட்டையே பாத்துட்டு நிக்கிறோம். அன்னிக்குன்னு கடல் என்னமா எழும்புதுங்கிறீங்க, வீடு வீடா உருண்டு வருது. கிளியன் உள்ள உக்காந்திருக்கான். திடீர்னு கையைத் தூக்கி எங்களைப் பாத்து ஆட்டுறான். கடலைக் காட்டி, "சேட், சேட்" அப்படின்னு கத்துறான்.

பக்கத்து வீட்டு எல்லம்மா கேட்டா, "ஏன்க்கா, சேட்டு கப்பல்லயா வரான்?"

ஊர் மொத்தமும் ரோட்டை விட்டுட்டுக் கடலைப் பாத்துத் திரும்பிடுச்சு. நூறு பேரு கைய நெத்தியில வெச்சு, சேட்டு கப்பல் எங்கன்னு பாக்குறோம். கிளியன் பாட்டுக்கு ஒரு பெரிய அலை மேல ஏறி, வளைவுலேர்ந்து வடக்கு மணல் வரைக்கும் அப்படியே ஒரே கோடா வழுக்கிக்கிட்டு வந்தான். பொய் சொல்லக்கூடாது, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. எல்லம்மா தொடப்பத்தைக் கீழ போட்டுட்டுக் கையே தட்டிட்டா. நான் முறைச்ச முறைப்புல நிறுத்தினா.

சேட்டு வரல. அன்னிக்கு வந்தது தம்பி கூட்டிட்டு வந்த ஆளுங்க மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்கு இடம் பாக்குற என்ஜினீயருங்களாம். கூட ஒரு பெரியவர், நெத்தி நிறைய விபூதி, வாய் நிறைய அம்மா அம்மான்னு தமிழ். ஊரெல்லாம் தெக்கால நின்னு கடலைப் பாக்குது, அவங்க வடக்கால டேப் பிடிச்சு அளந்துட்டு என் கடையில வந்து உக்காந்தாங்க. நான்தான் செட் தோசை ஊத்திக் குடுத்தேன். அந்தப் பெரியவர் வடகறி ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

மறுநாள் பஞ்சாயத்து. நான்தான் எழுந்து பேசினேன். படத்தைச் சொன்னேன், குச்சியைச் சொன்னேன், சேட்டைச் சொன்னேன். வியாழக்கிழமை கூட்டத்தைப் பாத்துட்டுச் சேட்டு கடலோட கடலா திரும்பிட்டான்னு சொன்னேன். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து, "அவன் நல்லவன்ப்பா, அலையப் பாக்க வந்தவன்"ன்னார். உனக்குக் காதே கேக்காது, உக்காருன்னேன். ஊர் சிரிச்சுது. அவரும் உக்காந்துட்டார்.

மூணு நாளுல ஊரை விட்டுப் போகணும்னு தீர்ப்பு. அவன் கடலுக்குள்ள இருந்த நேரம் பாத்து நான் ரூமுக்குப் போயி தலையணைக்கு அடியிலேர்ந்து அந்த நீல நோட்டை எடுத்தேன். மாவு டின்னுல போட்டு மூடினேன். எங்க கரையை வரைஞ்ச காகிதம் எங்க ஊரை விட்டுப் போகக்கூடாது. அவ்வளவுதான் என் எண்ணம்.

கிளம்புற அன்னிக்கு ரூமைப் பெருக்கு பெருக்குன்னு பெருக்கித் தேடினான். என்கிட்ட வந்து, "புக், அம்மா? புளூ புக்?" அப்படின்னான். நோ புக்குன்னேன். என் மூஞ்சியையே பாத்தான். தெரிஞ்சுதான் பாத்தானோ, தெரியாமத்தான் பாத்தானோ. அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். போகும்போது குட்டைப் பலகையை மட்டும் என் கடைச் சுவத்துல சாத்தி வெச்சுட்டு, என்னைக் காட்டி, "யுவர்" அப்படின்னான்.

அதுலயும் எனக்குச் சந்தேகம். உள்ள ஏதாவது மிஷின் வெச்சுட்டுப் போறானோன்னு எல்லம்மா மருமவனை விட்டு டிரில்லு போட்டுப் பாத்தேன். வெறும் தெர்மாக்கோலு. சரின்னு ரெண்டு செங்கல்லு அடுக்கி அதுமேல பலகையைப் போட்டு பெஞ்சாக்கிட்டேன். நாலு பேர் தாராளமா உக்காரலாம்.

வைகாசியில வேலி வந்துச்சு. பள்ளிக்கூடத்து மனுவுல வெச்ச கைநாட்டையே சம்மதக் காகிதம்னு மாத்திட்டாங்களாம். தம்பி ஓடிவந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அக்கா, என்னையும் ஏமாத்திட்டாங்கக்கான்னான். படுபாவிங்க, நல்ல புள்ளையை இப்படியா ஏமாத்துறது? அந்த மனக்கஷ்டத்துல அவன் இளைச்சே போயிட்டான். நல்லவேளை, அவன் மாமனார் வீட்டு வழியில கார் ஒண்ணு வந்துச்சு, அலையிறதாவது மிச்சம். இன்னிக்கு விசாரணைக்குக்கூட, நீ ஒண்ணும் பேச வேணாம்க்கா, ஊர் சார்புல நானே பேசிக்கிறேன்னுட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்.

வேலி போட்டது சேட்டுதான்னு நான் ஊர் முழுக்கச் சொன்னேன். பாத்தியா, சொன்னேனேன்னு சொன்னேன். அப்புறம் வேலியில போர்டு வெச்சு, இடத்துக்காரர் போட்டோவோட பேரைப் போட்டாங்க. அதே விபூதிப் பெரியவர். நம்மளாட்டம் தமிழ் ஆளு. என் வடகறியை ரெண்டு தடவை தின்னவர்.

இருந்தும் நான் விடல. அவருக்குப் பின்னால சேட்டு இருப்பான்னேன்.

ஆனி மாசம் மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு பசங்க அதே மாதிரி பலகையோட வந்தாங்க. தமிழ்ப் பசங்கதான். என் பெஞ்சைப் பாத்துட்டு ஒருத்தன் தலையில அடிச்சுக்கிட்டான், ஐயோ இதைப் போயி ஓட்டை போட்டிருக்காங்களேடான்னு. நான் தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன். வெளிய இருந்தவன் கடலைப் பாத்துட்டு, "டேய், செட் வருதுடா" அப்படின்னான்.

கரண்டியை வெச்சுட்டு வெளிய வந்தேன். "எந்த சேட்டு தம்பி? எங்க?"

அவனுங்க ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டானுங்க. "சேட்டு இல்லக்கா, செட்டு. அலை நாலஞ்சு சேந்து வரும்ல, அதுக்குப் பேரு செட்டு. உங்க செட் தோசை மாதிரி."

கல்லுல மூணு தோசையும் கரியாகிற வரைக்கும் நான் வெளியவே நின்னேன் டீச்சரம்மா.

அடுக்கு. என் புருஷன் தினம் சொல்ற அடுக்கு. நான் தினம் நூறு தடவை வாயால சொல்ற செட்டு. அரைக்காது மனுஷனுக்குப் புரிஞ்சது, முழுக்காதுக்காரிக்குப் புரியல. இதை இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. உங்ககிட்டத்தான்.

போன வாரம் எங்க கேஸை நடத்துற வக்கீலம்மா ஊருக்கு வந்தாங்க. சின்ன வயசு, கறாரான பொம்பளை. எல்லாரையும் கூட்டி வெச்சுக் கேட்டாங்க. அந்த மணல்ல போட்டு நின்னதுக்கு, தண்ணி ஏறினதுக்கு, தேதி போட்டு எழுதின அத்தாட்சி யார்கிட்டயாவது இருக்கா? போட்டோவா, டைரியா, எதுவா இருந்தாலும் சரி. வேலி போடுறதுக்கு முந்தினதா இருக்கணும். வெளி ஆள் எழுதினதா இருந்தா இன்னும் நல்லதுன்னாங்க. ஊர் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குது. நான் மாவு டின்னைப் பாக்குறேன். எடுத்துக் குடுத்தா நான் திருடி. அப்பாவியைத் தொரத்தினவ. பஞ்சாயத்துல புருஷனைப் பாத்து ஊரைச் சிரிக்க வெச்சவ.

இருந்தாலும் எடுத்துட்டு வந்துட்டேன். குடுக்கலாமா வேணாமான்னு இன்னும் தெரியல. உள்ள நெசமாவே நிலம் விக்கிற சமாசாரம் இருந்துட்டா? அதான் முதல்ல தெரிஞ்சுக்கணும். இந்தாங்க. மாவு ஒட்டியிருக்கு, தட்டிக்கோங்க. திருக்கழுக்குன்றம் தாண்டிட்டோம், அரைமணிதான் இருக்கு. அப்படியே தமிழ்ல சொல்லிட்டு வாங்க.

தேதி போட்டிருக்கா? எல்லாப் பக்கத்துலயுமா? சரி. அது என்ன, பதினெட்டு போட்டு மணல்ல நிக்குதுன்னா? ஆமா, பதினெட்டுதான். தண்ணி எதுவரைக்கும்? எத்திராஜ் போட்டு வால் வரைக்கும் தண்ணி வந்துச்சு. ஆமா டீச்சரம்மா, கார்த்திகையில அங்கதான் வரும், அவர் போட்டுதான் மூணாவது. அத்தனையும் எழுதியிருக்கானா.

குச்சியைக் காணோம், யாரோ எடுத்துட்டாங்க, திரும்ப நட்டேன். அது நான்தான். அடுத்தது? குச்சியைக் காணோம். நான்தான். குளிர்காய எடுக்குறாங்க போல, நாளைக்கு ரெண்டு நடணும். அப்படியா எழுதியிருக்கான், பாவி.

இது என்ன, பேர் இருக்கே. எத்திராஜ்னு பேரை மட்டும் தமிழ்லயே எழுதியிருக்கானே, அதை நானே வாசிப்பேன், மத்ததை நீங்க சொல்லுங்க. எத்திராஜ் செட்டை அடுக்கு என்கிறார். நல்ல சொல். எத்திராஜ் கையைத் தூக்கி நிற்கும்போது பார்க்க வேண்டும். இவர் எப்ப அவனுக்குச் சொல்லிக் குடுத்தார்? எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பேசியிருக்காங்க. அடுத்தது? அம்மா தட்டுக்கு மூன்று தோசை வைக்கிறார், அதுவும் செட்தான், சொன்னேன், அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ம்.

வியாழக்கிழமையைப் பாருங்க. டிசம்பர். என்ன எழுதியிருக்கான்?

வாழ்க்கையிலேயே பெரிய அலை. ஊர் முழுக்க வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கக் கரைக்கு வந்தார்கள். துடுப்பெல்லாம் எடுத்து வந்து ஆட்டினார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னைப் பார்க்க வந்ததில்லை. ஒரு பெண் கை தட்டினாள்.

கொஞ்சம் இருங்க டீச்சரம்மா. கண்ணுல தூசி. ஜன்னலை இறக்கி விடுங்க.

சொல்லுங்க. கீழ இன்னும் நாலு வரி இருக்கே. ஏன் நிறுத்திட்டீங்க? பரவால்ல, படிங்க.

திரும்பப் படிங்க.

வடக்கு மணலில் மூன்று பேர் டேப் வைத்து அளந்தார்கள். கூட அம்மாவின் தம்பி. என்ன கட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஹோட்டல் என்றார். வெள்ளைக்காரர்கள் வருவார்களா என்று கேட்டார். ஹோட்டல் வந்தால் படகுகள் எங்கே நிற்கும் என்று கேட்டேன். அது உன் வேலையில்லை, அக்காவிடம் சொல்லாதே என்றார்.

பள்ளிக்கூடம்னு இருக்கும். நல்லாப் பாருங்க. அவன் எழுத்துக் கிறுக்கல்ல, ஸ்கூலுக்கும் ஹோட்டலுக்கும்... இல்லையா. சிவப்புப் பேனா பிடிக்கிறவங்க நீங்க சொன்னா சரிதான்.

தேசப்பன்னு பேர் போட்டிருக்கானா? போடல. அம்மாவின் தம்பின்னுதான் இருக்கு. ஊர்ல எத்தனையோ அம்மாங்க. எத்தனையோ தம்பிங்க.

அவன் என்னை மட்டும்தான் அம்மான்னு கூப்பிட்டான்.

நீ சொன்னாத்தான் ஊர் கேக்கும்க்கா. நான் சொன்னதா சொல்லாத. இத்தனை நேரம் உங்ககிட்ட என் வாயாலதானே சொன்னேன் இதை. சொல்லும்போது என் காதுல விழலையே.

இந்த ஒரு தாளை மட்டும் கிழிச்சுடலாமா? மத்ததைக் குடுத்துடுறேன். போட்டு இருக்கு, தண்ணி இருக்கு, அது போதாதா வக்கீலம்மாவுக்கு? ஒரு தாளு கிழிஞ்சிருந்தா மொத்த நோட்டையும் சந்தேகப்படுவாங்களா. ஆமா. சந்தேகம்னா என்னன்னு எனக்கா தெரியாது.

ஏழு வயசு டீச்சரம்மா. என் இடுப்பை விட்டு இறங்க மாட்டான்.

அதோ பாருங்க, ஸ்டாண்டு வந்துடுச்சு. வேப்ப மரத்துக்குக் கீழ வெள்ளைச் சட்டை, அவன்தான். கை ஆட்டுறான். இருங்க, நானும் ஆட்டுறேன். இல்லன்னா சந்தேகப்படுவான்.

நோட்டை என்கிட்டக் குடுக்காதீங்க. உங்க பரீட்சைப் பேப்பரோட சேத்து வெச்சுக் கட்டுங்க. என் கையில இருந்தா நான் கிழிச்சுடுவேன், என்னை எனக்குத் தெரியும். டீக்கடைக்குப் பின்னால முதல் சந்து, மாடியில கறுப்பு கேட்டு, வக்கீலம்மா ஆபீசு அதுதான். எத்திராஜ்னு ஒருத்தர் வாசல்ல நிப்பார், சத்தமாப் பேசுங்க. பூங்காவனம் திருடி வெச்சிருந்த நோட்டுன்னு சொல்லியே குடுங்க. அந்தச் சொல்லு விட்டுப்போகக்கூடாது.

நான் பின்படி வழியா இறங்கி அவன்கிட்டப் பேசிக்கிட்டு நிக்கிறேன். நீங்க முன்படிக்குப் போங்க. இப்ப வேணாம், அவன் முன்படியைத்தான் பாக்குறான், நீல அட்டை கண்ணுல பட்டுடும். அந்தக் கூடைக்காரி இறங்கட்டும். பின்னால அந்தப் பெரியவர். அந்தக் கைக்குழந்தைக்காரியும் போகட்டும். அடுக்கு போகட்டும் டீச்சரம்மா.

நான் கையை இறக்கினதும் இறங்குங்க.